மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தத்துல என்ன இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

காசநோய்க்கு மாத்திரை ஆரம்பிச்ச முதல் நாளே பல பேர் பயந்துபோற ஒரு விஷயம் இருக்கு. சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும். ரத்தம்தான் வருதோன்னு நினைச்சு அலறி அடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்க உண்டு. அது ரத்தம் இல்லை. ரிஃபாம்பிசின்னு ஒரு மருந்தோட நிறம், அவ்வளவுதான். மாத்திரை உள்ள போயிருக்குங்கிறதுக்கு அது ஒரு அடையாளம்.

ஆனா எவ்வளவு உள்ள போச்சு? வயித்துல இருந்து ரத்தத்துக்கு எவ்வளவு ஏறுச்சு? கிருமியைக் கொல்ற அளவுக்கு ஏறுச்சா, இல்லை சும்மா தொட்டுட்டுப் போயிடுச்சா? அந்தக் கலர் இதைச் சொல்லாது. அதைச் சொல்ற ஒரு மெஷினைப் பத்தியும், அந்த மெஷின் நம்ம சென்னையில என்ன கண்டுபிடிச்சதுன்னும்தான் இந்த எபிசோட்.

ஏன் இதைப் பேசணும்? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு இந்தப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு டி.பி. புதுசு இல்லை. ஒரே ரூம்ல அஞ்சு பேர் தூங்குற வீடு, ஹார்பர் வேலை, ஷிஃப்ட் வேலை, விடியற்காலை மூணு மணிக்கு மீன் ஏலம். "ஓட்டேரி ஆஸ்பத்திரி"ன்னு யாராவது சொன்னா, எதுக்குன்னு நாம திருப்பிக் கேக்க மாட்டோம். குரலைத் தாழ்த்திக்குவோம்.

இந்த நோயாளிகள் அடிக்கடி கேக்குற ஒரு கேள்வி இருக்கு. ரெண்டு மாசம் மாத்திரை போட்டும் சளியில இன்னும் கிருமி தெரியுதுன்னா, முதல்ல வர்ற கேள்வி: "மாத்திரையை ஒழுங்கா போடலையா?" வீட்ல அம்மா கேப்பாங்க. தெருவுல கேப்பாங்க. சில சமயம் சிகிச்சை குடுக்கிறவங்களும் கேப்பாங்க. அந்த ஆள் ஒரு வேளை கூட விடாம போட்டிருந்தா? அவர் அதை எப்படி நிரூபிப்பார்?

ஒரே மாத்திரை, வேற வேற ரத்தம்

சளி மாறாததுக்குக் காரணம் பல இருக்கலாம். மாத்திரை போடாம விட்டது ஒண்ணு. கிருமிக்கே மருந்து வேலை செய்யாம போறது இன்னொண்ணு, அதைத்தான் ட்ரக் ரெசிஸ்டன்ஸ்னு சொல்றோம். நுரையீரல் ரொம்பப் பாதிச்சிருக்கிறது மூணாவது. யாரும் அதிகம் பேசாத நாலாவது காரணம் ஒண்ணு உண்டு: மாத்திரை வயித்துக்குப் போச்சு, ஆனா மருந்து போதுமான அளவு ரத்தத்துக்குப் போகலை.

50-ல இருந்து 64 கிலோ எடை இருக்கிற ஒருத்தருக்கு அரசு மையத்துல தினம் 4 கூட்டு மாத்திரை குடுப்பாங்க. அதுல மொத்தம் ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம், ஐசோனியாசிட் 300, பைரசினமைடு 1,600, எத்தம்பியூட்டால் 1,100. கவர்ல இந்த அளவு எல்லாருக்கும் ஒண்ணுதான். ரத்தத்துல அப்படி இல்லை. குடல் எவ்வளவு உறிஞ்சுது, கல்லீரல் எவ்வளவு வேகமா உடைக்குது, கூட என்ன சாப்பிட்டாங்க, சர்க்கரை நோய் இருக்கா, எச்.ஐ.வி. இருக்கா, உடம்புல சதை இருக்கா, எலும்பும் தோலுமா இருக்காங்களா... இது எல்லாமே அந்த அளவை மாத்தும்.

1956, சேத்துப்பட்டு

இந்தக் கதை நம்ம ஊர்ல ரொம்ப சீக்கிரமே ஆரம்பிச்சிடுச்சு. 1956-ல சென்னையில ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அப்போதைய மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இந்த நாலு பேரும் சேர்ந்து தொடங்கினது. சேத்துப்பட்டுல இன்னிக்கும் இருக்கு. இப்போ பேரு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்போ உலகம் முழுக்க நம்பினது என்னன்னா, டி.பி. வந்தா சானடோரியத்துல படுக்கணும். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வாலஸ் ஃபாக்ஸ்ங்கிற பிரிட்டிஷ் டாக்டர் தலைமையில இந்த மையம் அதைச் சோதிச்சுப் பார்த்தது. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். ஒரு பாதிப் பேர் சானடோரியத்துல. இன்னொரு பாதிப் பேர் அவங்க அவங்க வீட்லயே, அதே நெரிசல்ல, அதே சாப்பாட்டோட, மாத்திரை மட்டும். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ரெண்டு குழுவுக்கும் முடிவுல பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல வெளிவந்த அந்த ஆய்வுக்கு அப்புறம், வீட்ல இருந்தே டி.பி.யைக் குணப்படுத்தலாம்னு உலகமே மாறிச்சு.

ஆனா வீட்ல மாத்திரை குடுத்தா, போட்டாங்களா இல்லையான்னு எப்படித் தெரியும்? அதுக்கு அப்பவே ரெண்டு வழி வெச்சிருந்தாங்க. சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுறது. சிறுநீரை வாங்கி அதுல மருந்து இருக்கான்னு பாக்குறது.

அதுக்கு அடுத்த கட்டமா இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. ஐசோனியாசிட்டை எல்லார் உடம்பும் ஒரே வேகத்துல உடைக்கிறதில்லை. சிலர் வேகமா உடைக்கிறாங்க, சிலர் மெதுவா. இது பிறவியிலேயே வர்றது. நேட்-2ங்கிற மரபணு தீர்மானிக்குது. தென்னிந்தியர்கள்ல பாதிக்கும் மேல மெதுவா உடைக்கிறவங்க. அறுபதுகள்லயே சென்னையில இதை ஆராய்ஞ்சாங்க. மருந்தைத் தினமும் குடுக்காம வாரம் ஒரு தடவை குடுத்துப் பார்த்தப்போ, வேகமா உடைக்கிறவங்களுக்கு முடிவு மோசமா இருந்தது. அதாவது, மாத்திரையை எண்ணினா மட்டும் போதாது. ரத்தத்தை அளக்கணும்.

எம்.சி. ரோட்ல தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை

சரி, எப்படி அளக்கிறது? ஒரு துளி ரத்தத்துல ஆயிரக்கணக்கான பொருள் மிதக்குது. புரதம், சர்க்கரை, கொழுப்பு, உப்பு. அதுக்கு நடுவுல நமக்கு வேணுங்கிற ஒரே ஒரு மருந்து. அதைத் தனியா பிரிச்சு எடுத்து, எவ்வளவுன்னு சொல்லணும்.

ஸ்கூல்ல ஃபில்டர் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனா புள்ளி வெச்சு, நுனியைத் தண்ணியில தொட்டு வெச்சிருப்போமே? கருப்பு மையில இருந்து நீலம், மஞ்சள், சிவப்பு தனித்தனியா மேல ஏறும். பாடப் புத்தகத்துல வண்ணப்பிரிகைன்னு படிச்சது அதுதான். 1903-ல மிகாயில் ஸ்வெட்ங்கிற ரஷ்யத் தாவரவியல் விஞ்ஞானி, இலையில இருக்கிற நிறங்களைச் சுண்ணாம்புத் தூள் அடைச்ச கண்ணாடிக் குழாய்ல இப்படிப் பிரிச்சுக் காட்டினார். அந்தக் குழாயோட பேரப்பிள்ளைதான் ஹெச்.பி.எல்.சி. உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை.

இப்படி யோசிச்சுப் பாருங்க. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. ஒரு கும்பல் ஒரே நேரத்துல தெருமுனையில நுழையுது. துணியில ஆர்வமே இல்லாதவர் விறுவிறுன்னு மறுமுனைக்கு வந்துடுவார். ஒவ்வொரு கடையிலயும் நின்னு சேலையைத் தொட்டுப் பாக்குறவங்க வர்றதுக்கு மூணு மணி நேரம் ஆகும். மறுமுனையில நீங்க வாட்ச்சோட நின்னா, எந்த நேரத்துக்கு யார் வெளிய வர்றாங்கன்னு வெச்சே ஆளை அடையாளம் சொல்லிடலாம்.

மெஷின்ல அந்தத் தெருதான் "காலம்". ஒரு ஜாண் நீளத்துல சின்ன எஃகுக் குழாய், உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர். உள்ள கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய சிலிக்கா மணிகள், மேல எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு பூச்சு. அந்தப் பூச்சு பிடிச்ச மூலக்கூறு நின்னு நின்னு வரும். பிடிக்காதது ஓடி வந்துடும். மணிகள் அவ்வளவு நெருக்கமா இருக்கிறதால, திரவத்தைப் பம்ப் வெச்சுத் தள்ளணும். கார் டயர்ல காத்து 2 பார் அழுத்தத்துல இருக்கும். இங்க 100 பாருக்கு மேல போகும். டயர் கம்பெனி இருக்கிற திருவொற்றியூர்க்காரங்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

குழாயோட மறுமுனையில புற ஊதா ஒளி. மருந்து அதைக் கடந்து போறப்போ ஒளியைக் கொஞ்சம் விழுங்கும். கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல ஒரு மலை மாதிரி கோடு எழும்பும். அந்த மலை எந்த நிமிஷத்துல வருதுங்கிறது மருந்து எதுன்னு சொல்லும். மலையோட பரப்பளவு எவ்வளவுன்னு சொல்லும்.

ஆனா வெறும் மலையைப் பார்த்து எண்ணைச் சொல்லிட முடியாது. முதல்ல மருந்தே இல்லாத பிளாஸ்மாவுல, தெரிஞ்ச அளவு மருந்தைக் கலந்து பல மாதிரிகள் தயாரிக்கணும். அதை ஓட்டி ஒரு அளவுகோல் போடணும். அப்புறம் தினமும் நடுநடுவுல விடை தெரிஞ்ச மாதிரிகளை உள்ள விட்டு, மெஷின் சரியா சொல்லுதான்னு சோதிக்கணும். பொதுவா 15 சதவீதத்துக்கு மேல விலகினா அந்த ஓட்டம் செல்லாது. மறுபடி முதல்ல இருந்து.

டியூப் வெயில்ல நின்னா

மெஷினுக்கு முன்னாடி நடக்கிற வேலைதான் உண்மையில கஷ்டம். மாத்திரையைக் கண் முன்னாடி போட வெச்சு, மணியைக் குறிச்சு, பொதுவா ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. ரிஃபாம்பிசின் அந்த நேரத்துலதான் உச்சத்துக்குப் பக்கத்துல இருக்கும். உறையாம இருக்க ஹெப்பாரின் போட்ட டியூப். அதைச் சுழற்றுனா சிவப்பணுக்கள் அடியில தங்கும், மேல வெளிர்மஞ்சள்ல பிளாஸ்மா நிக்கும். அதைப் பிரிச்சு உறைய வைக்கணும். அப்புறம் அசிட்டோநைட்ரைல் மாதிரி ஒரு கரைப்பான் சேர்த்தா புரதம் எல்லாம் தயிர் மாதிரி திரிஞ்சு அடியில இறங்கிடும். மேல தெளிஞ்சு நிக்கிறதைத்தான் மெஷினுக்குள்ள விடுவாங்க.

ரிஃபாம்பிசின் ஒரு நோஞ்சான் மருந்து. வெளிச்சமும் காத்தும் ஆகாது. பிளாஸ்மாவை அறை வெப்பத்துல விட்டுட்டா சில மணி நேரத்துலயே உடைய ஆரம்பிக்கும். அதுக்காக வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலத்தைக் காவலுக்குச் சேர்ப்பாங்க. மே மாசம், எண்ணூர்ல ரத்தம் எடுத்து, ஐஸ் இல்லாம ஒரு பையில போட்டு, கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டிக்கிட்டு மதியத்துக்கு மேல சேத்துப்பட்டு வந்து சேர்ந்தா என்ன ஆகும்? மெஷின் குறைவான எண்ணைத்தான் காட்டும். மெஷின் பொய் சொல்லலை. மருந்து ரோட்டுல உடைஞ்சது, நோயாளி வயித்துல இல்லை. ஆனா ரிப்போர்ட்ல அந்த வித்தியாசம் தெரியாது. அதனாலதான் ஐஸ் பெட்டியும் அதுல எழுதுற நேரமும் மெஷின் அளவுக்கே முக்கியம்.

8 அப்படிங்கிற எண்

ரிஃபாம்பிசினுக்குப் பொதுவா எதிர்பார்க்கிற உச்ச அளவு, ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவுல 8-ல இருந்து 24 மைக்ரோகிராம். இது எவ்வளவு சின்னதுன்னு ஒரு கணக்கு போடுவோம். பெரியவங்க உடம்புல பிளாஸ்மா சுமார் 3 லிட்டர், அதாவது 3,000 மில்லிலிட்டர். ஒவ்வொண்ணுலயும் 8 மைக்ரோகிராம்னா மொத்தம் 24,000 மைக்ரோகிராம். மில்லிகிராம்ல 24. விழுங்கினது 600. அந்த நிமிஷத்துல பிளாஸ்மாவுல இருக்கிறது நூத்துல நாலு பங்குதான். மீதி திசுக்கள்ல, கல்லீரல்ல, இன்னும் குடல்ல.

சரி, சென்னை ஆய்வாளர்கள் அளந்தப்போ என்ன வந்தது? 2017-ல தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. வாரம் மூணு நாள் மாத்திரை முறையில இருந்த 1,900-க்கும் மேற்பட்ட பெரியவங்க. மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்த ரத்தம். அதுல மிகப் பெரும்பாலானவங்களுக்கு ரிஃபாம்பிசின் 8-ஐத் தொடவே இல்லை. ஐசோனியாசிட்டும் பைரசினமைடும் பெரும்பாலானவங்களுக்குச் சரியாவே இருந்தது.

இதை நிதானமா கேளுங்க. ரத்தம் எடுக்கிற அன்னிக்கு மாத்திரையைப் போட்டிருக்காங்க. அப்படியும் அளவு ஏறலை. "ஒழுங்கா போடலையா"ங்கிற கேள்விக்கு இதை விட நேரான பதில் கிடையாது.

குழந்தைகள் விஷயம் இன்னும் தீவிரம். சின்னக் குழந்தைங்க உடம்பு மருந்தைப் பெரியவங்களை விட வேகமா வெளியேத்தும். பெரியவங்களோட அளவை எடைக்குத் தக்க அப்படியே சுருக்கிக் குடுத்தா, அது பத்தாது. இந்த மாதிரி பிளாஸ்மா அளவீடுகள் பல நாடுகள்ல சேர்ந்த பிறகுதான், உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான அளவைக் கூட்டினது. கிலோவுக்கு ரிஃபாம்பிசின் 10-ல இருந்து 15 மில்லிகிராம். ஐசோனியாசிட் 5-ல இருந்து 10. பைரசினமைடு 25-ல இருந்து 35. சென்னையில அளந்த குழந்தைகளோட அளவீடுகளும் இந்தப் பேச்சுக்கு வலு சேர்த்தது.

எச்.ஐ.வி.யும் டி.பி.யும் சேர்ந்து இருந்த 331 பேரை வெச்சு இதே நிறுவனம் பண்ணின இன்னொரு ஆய்வு 2018-ல வந்தது. தினமும் மாத்திரை போட்டவங்கள்ல 91 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு. வாரம் மூணு நாள் போட்டவங்கள்ல 77 சதவீதம்தான். இந்தியா முழுக்க 2017 அக்டோபர்ல தினசரி முறைக்கு மாறிச்சு. "எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை"ங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு இந்த எண்கள் சொல்லுது.

இந்த மெஷின் சொல்லாதது

இப்போ நேர்மையா இன்னொரு பக்கத்தையும் பேசணும். 8-க்குக் கீழ இருந்தா சிகிச்சை தோத்துடும்னு அர்த்தம் இல்லை. அப்படி இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க குணமாகத்தான் செய்யறாங்க, ஏன்னா நாலு மருந்து சேர்ந்து வேலை செய்யுது. அளவு குறைஞ்சா ஆபத்து கூடுது, அவ்வளவுதான். ஏற்கெனவே சத்து இல்லாத உடம்பு, ரெண்டு நுரையீரல்லயும் ஓட்டை, கூடவே சர்க்கரைன்னு இருக்கிறவருக்கு அந்தக் கூடுதல் ஆபத்து பெரிசு.

ஒரே ஒரு ரத்தமும் ஏமாத்தலாம். சிலருக்கு மருந்து தாமதமா ஏறும். ரெண்டு மணிக்குக் குறைவா இருந்து, ஆறாவது மணியில நல்லா இருக்கும். அது உறிஞ்சாம போனது இல்லை, லேட்டா உறிஞ்சினது. அதனால முடிஞ்சா ரெண்டாவது மாதிரியும் எடுப்பாங்க. இன்னொண்ணு, ரிஃபாம்பிசின் ஆரம்பிச்ச முதல் ரெண்டு வாரத்துல கல்லீரலை உசுப்பிவிட்டுத் தன்னையே வேகமா உடைக்க வைக்கும். முதல் நாள் எடுத்த எண்ணும் மூணாவது வாரம் எடுத்த எண்ணும் ஒண்ணா இருக்காது. அதே உசுப்பலாலதான் கருத்தடை மாத்திரை உட்பட வேற பல மருந்துகளோட அளவும் குறையுது. இதைப் பெண்கள் அவசியம் டாக்டர்கிட்ட கேக்கணும்.

முக்கியமான விஷயம்: நம்ம அரசு டி.பி. திட்டத்துல இது வழக்கமான டெஸ்ட் இல்லை. மெஷின் விலை, பயிற்சி பெற்ற ஆள், ஐஸ்ல போக்குவரத்து, ரெண்டு மணி நேரம் காத்திருக்க நோயாளிக்கு நேரம். தினக்கூலிக்குப் போறவருக்கு ரெண்டு மணி நேரம்னா பாதி நாள் சம்பளம். அதனால எல்லாருக்கும் பண்றது நடக்கிற காரியம் இல்லை. ஆனா யாருக்குப் பண்ணலாம்னு யோசிக்கலாமே? ரெண்டு மாசத்துல சளி மாறாதவங்க, சின்னக் குழந்தைங்க, சர்க்கரையோ எச்.ஐ.வி.யோ இருக்கிறவங்க, எடை ரொம்பக் குறைஞ்சவங்க. தமிழ்நாட்ல 2022-ல ஆரம்பிச்ச காசநோய் இறப்பில்லாத் திட்டத்துல, நோய் கண்டுபிடிச்ச உடனே கடுமையான சத்துக்குறைவு இருக்கான்னு பார்த்து, ஆபத்தானவங்களை முதல்லயே ஆஸ்பத்திரியில சேர்க்கிறாங்க. ஆபத்தை முன்னாடியே பிரிச்சுப் பாக்குற பழக்கம் வந்தாச்சு. அந்த வரிசையில பிளாஸ்மா அளவுக்கும் ஒரு இடம் கேக்குறது பேராசை இல்லை.

உங்க வீட்ல யாருக்காவது டி.பி. இருந்தா

கடைசியா, கையோட எடுத்துட்டுப் போக சில விஷயங்கள்.

மாத்திரையை வெறும் வயித்துல போட்டா ரிஃபாம்பிசின் நல்லா ஏறும். கொழுப்பு அதிகம் இருக்கிற சாப்பாட்டோட போட்டா உச்ச அளவு சுமார் மூணுல ஒரு பங்கு குறையும்னு அளந்திருக்காங்க. அதுக்காகக் குமட்டல் வர்றவரைப் பட்டினி போட்டு வதைக்க வேண்டாம். குமட்டுதுன்னு மாத்திரையையே விடுறதை விட, லேசா ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடுறது எவ்வளவோ மேல். நைட் ஷிஃப்ட் பாக்குறவங்க எந்த நேரத்துல போடலாம்னு டாக்டரையோ நர்ஸையோ கேட்டு, ஒரு நேரத்தை முடிவு பண்ணிக்கோங்க.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஆன்டாசிட் ஐசோனியாசிட் உறிஞ்சுறதைக் குறைக்கலாம். ரெண்டையும் ஒரே நேரத்துல வேண்டாம். விடாம பேதி போனா, வாந்தி எடுத்தா, சர்க்கரை கட்டுப்பாட்ல இல்லைன்னா, வேற என்ன மாத்திரை போட்டாலும் மறைக்காம சொல்லுங்க. எண்ணைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், கல்லீரல் தாங்காது. சத்துள்ள சாப்பாட்டுக்கு அரசு மாசம் 1,000 ரூபாய் குடுக்குது, 2024 நவம்பர்ல 500-ல இருந்து கூட்டினாங்க. வந்துருச்சான்னு பாருங்க. சந்தேகத்துக்கு 1800-11-6666 இலவச எண்.

அப்புறம் ஒண்ணு. சளி மாறலைன்னு ஒருத்தர் தலையைத் தொங்கப்போட்டு வந்து நின்னா, "ஒழுங்கா போட்டியா"ன்னு ஆரம்பிக்காதீங்க. "எப்போ போடுற, எதோட போடுற, போட்ட அப்புறம் என்ன பண்ணுது"ன்னு கேளுங்க. முதல் கேள்வி கேட்டா ஆள் அடுத்த தடவை வரமாட்டார். ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல உக்காருவார்.

உங்க வீட்டு அனுபவம், கேள்வி எதுவா இருந்தாலும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.